கண்டுபிடிக்கிற நேரம்

நீ அனுப்பிய நான்கு தாள்களும் செவ்வாய்க்கிழமையே கிடைத்துவிட்டன. மலாயில் தட்டச்சு செய்து, பத்திகளுக்கு எண் போட்டு, கடைசித் தாளின் அடியில் என் பெயரையும் அதற்கு மேல் ஒரு கோட்டையும் வைத்திருந்தாய். மேலே ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டில், "அப்பா, கோட்டுக்கு மேல சைன் மட்டும் பண்ணி வைங்க. சனிக்கிழம வந்து எடுத்துக்கிறேன். மத்தத நான் பாத்துக்கிறேன்" என்று எழுதியிருந்தாய். மற்றதை நீதான் பார்த்துக்கொள்கிறாய், இந்த எட்டு மாதங்களாக. நான் அந்தத் தாள்களில் கையெழுத்துப் போடவில்லை, போடப்போவதும் இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நேரில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் நீ என் தோளில் கை வைத்து, "நீங்க கவலப்படாதீங்கப்பா, அவன நான் விடமாட்டேன்" என்றாய். ஜுருவிலிருந்து பாலம் தாண்டி வந்த களைப்போடு நீ சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பாய், நான் ரசம் ஊற்றிக்கொண்டிருப்பேன். கோழை என்று சொன்னால் சரியாக இருக்கும். அந்தச் சொல்லை நீ தேட வேண்டாம் என்று நானே எழுதிவிட்டேன்.

நீ விடமாட்டேன் என்று சொன்ன ஆள் நசீர். உன் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன தொண்டு ஆம்புலன்சின் ஓட்டுநர். நான் கூப்பிட்டு நாற்பது நிமிடம் கழித்துத்தான் வந்தான், அந்தத் தாமதத்தால்தான் அம்மா போனாள், தாமதத்தை மறைக்கப் பதிவேட்டில் பொய் நேரம் எழுதினான் என்பது உன் புகார். அதற்கான சாட்சி நான், ஒரே ஒருவன்; அந்த நான்கு தாள்களும் என் வாக்குமூலம். சனிக்கிழமை அந்த ஆம்புலன்சை நடத்தும் சங்கத்தில் விசாரணை. என் கையெழுத்து விழுந்தால் அவன் வேலை போய்விடும், அதோடு அவன் பெயரும் போய்விடும். ஆள் சாகக் காரணமானவன் என்று ஆயர் ஈத்தாம் ஊர் முழுவதும் பேசும். இப்போதே பாதிப்பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு எங்கிருந்து தொடங்குவது என்று இரண்டு நாளாக யோசித்தேன். எப்படிச் சுற்றினாலும் அந்தத் தொடரில்தான் வந்து நிற்கிறது. உனக்கு ஒன்பது வயதில் தொடங்கியது. தொலைக்காட்சியில், அடியில் மலாய் எழுத்தோடு ஓடிய அந்த வெள்ளைக்காரத் தொடர், கொலை வழக்கு மட்டுமே பார்க்கும் அந்த நெட்டை இன்ஸ்பெக்டர். வேறு யாராவது கோப்பை மூடினால் போய்த் திறப்பார். மேலதிகாரி திட்டுவார், மனைவி விட்டுப் போவாள், முழங்கால் தேயும், ஆனால் மனுஷன் விடமாட்டார். செத்தவரின் புகைப்படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிவார். வழக்கு முடியப்போகிறது என்றால் அந்தப் படத்தை எடுத்து மேசைமேல் வைப்பார். அவர் படத்தை எடுத்தால் அதற்குப் பிறகு நம் வீட்டில் யாரும் பேசக்கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டவன் நான். பெயர் வைத்தவன் நீ, "கண்டுபிடிக்கிற நேரம்". அந்த அரை மணி நேரம் தொலைபேசி அடித்தால் எடுக்கமாட்டோம், கதவு தட்டினால் திறக்கமாட்டோம். ஒருமுறை பங்குச் சாமியாரே வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். நீ உதட்டில் விரலை வைத்து அம்மாவை முறைப்பாய். அவள் சமையற்கட்டில் பாத்திரத்தை வைக்கும் சத்தம்கூட வராமல் வைப்பாள். இத்தனை வருடத்தில் அந்தச் சட்டத்தை அவள் ஒருநாளும் மீறியதில்லை. இன்ஸ்பெக்டருக்கு முடி நரைத்தது, எனக்கும் நரைத்தது, நீ மீசை வைத்து, வேலைக்குப் போய், தனி வீடு பார்த்தாய். தொடர் மட்டும் முடியவே இல்லை.

உன் அம்மாவுக்கு அந்தத் தொடர் பெரிதாகப் பிடிக்காது, தெரியுமா? நமக்காக உட்காருவாள். கதை முடிந்ததும் நீயும் நானும் துப்பு எங்கே விழுந்தது என்று வாதாடுவோம். அவள் வேறு எதையாவது கேட்பாள். "நடுவுல ஒருத்தன புடிச்சு அந்த அடி அடிச்சாங்களே, அவன் இல்லன்னு ஆயிருச்சு. அவனுக்கு வேல திரும்பக் கெடச்சிச்சா?" என்று கேட்பாள். நாம் சிரிப்போம். "அம்மா, அதெல்லாம் காட்டமாட்டாங்க லா" என்பாய் நீ. உண்மைதான், காட்டமாட்டார்கள். வாராவாரம் நடுவில் ஒரு தப்பான ஆள் தேவை, இல்லாவிட்டால் கதை ஒரு மணி நேரம் ஓடாது. அடுத்த வாரம் அவனை யாரும் நினைப்பதில்லை. அவள் ஒருத்திதான் நினைத்துக்கொண்டிருந்தாள். நான் அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று தள்ளினேன். இப்போது அந்தக் கேள்வி விடிந்ததிலிருந்து என் எதிரில் உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

உன் முதல் வழக்கு ஞாபகம் இருக்கிறதா? உனக்குப் பதினோரு வயது. கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் முன்னால், விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைத்த கேக்கில் பாதியைக் காணோம். என்னையும் அம்மாவையும் நாற்காலியில் உட்காரவைத்து, சட்டைப்பையில் கேக்கின் படத்தை வரைந்து வைத்துக்கொண்டு விசாரித்தாய். துறைமுகத்திலிருந்து பசியோடு வந்து அதைத் தின்றவன் நான். நீ என்னைக் கேட்டபோது கண்ணை உருட்டி "நானா!" என்றேன். அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு கையைத் தூக்கி, "நான்தான் ஐயா, புடிச்சிட்டுப் போங்க" என்றாள். நீ வீடெல்லாம் குதித்தாய். குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். நான் அந்த விளையாட்டை அப்படியே விட்டுவிட்டேன். என் தப்பை இன்னொருவர் தலையில் ஏற்றிவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வித்தை எனக்கு அப்போதே கைவந்திருக்கிறது. நீ கெட்டிக்காரன்தான். ஆனால் உன் வழக்குகள் எல்லாவற்றிலும் நீ சந்தேகப்படாமல் விட்ட ஆள் ஒருவன் இருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதுகிறேன். பூசை முடிந்து, பசாரில் மீன் வாங்கிக்கொண்டு வந்தோம். சாப்பிட்டோம். மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் நான் தொலைக்காட்சியைப் போட்டேன். நீ மாட்டித் தந்த பெட்டியில் பழைய வருடங்கள் எல்லாம் இருக்கின்றன, எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனாலும் ஞாயிறு மூன்று மணி என்று எனக்குப் பழக்கம். அம்மாவுக்குக் காலையிலிருந்தே முதுகு வலி. வாயுவாக இருக்கும் என்று சொல்லிவிட்டுச் சமையற்கட்டுக்குப் போனாள். மூன்றரை மணிபோல இன்ஸ்பெக்டர் படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அப்போதுதான் அவள் கூப்பிட்டாள். "என்னங்க." ஒரே தடவை. சத்தமாக இல்லை, ஆனால் என் காதில் விழுந்தது. அந்தக் குரலில் ஏதோ சரியில்லை என்பதும் எனக்குத் தெரிந்தது, இதை இதுவரை நான் கடவுளிடம்கூடச் சொன்னதில்லை. நான் கையை மட்டும் தூக்கி, இரு என்று காட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்கு என் கை எப்படித் தெரியும்? அவள் மறுபடியும் கூப்பிடவில்லை. அவசரமென்றால் கூப்பிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன். படத்தை நிறுத்தும் பொத்தான் என் கையிலேயே இருந்தது. நீதான் மூன்று தடவை சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தாய். இதையும் கேட்டுக்கொள். அது ஏற்கனவே பார்த்த கதை. கொலைகாரன் யார் என்று எனக்குத் தெரியும்.

முடிந்த பிறகு, பெயர்கள் ஓடி முடிந்த பிறகு, எழுந்து போனேன். அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் கைப்பேசியைத் தேடி ஆம்புலன்சைக் கூப்பிட்டபோது மணி நான்காக ஐந்து நிமிடம் இருந்தது. கால் மணி நேரத்தில் நசீர் வந்துவிட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை நெரிசலில், மலை ரயிலுக்குப் போகிற வண்டிகளுக்கு நடுவில், கால் மணி நேரத்தில். மின்தூக்கி நம் மாடியில் நிற்காது என்று தெரிந்ததும், அவனும் கூட வந்தவரும் அவளை நாற்காலியில் வைத்துப் படிக்கட்டில் தூக்கி இறக்கினார்கள். அவனைப் பற்றி நான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நீ ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த இளம் டாக்டர் நம் இருவரையும் பார்த்து, ஒரு அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார். அவர் ஆறுதலாகச் சொல்லவில்லை, குற்றமாகவும் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். நீ என் பக்கம் திரும்பி, "எத்தன மணிக்குப்பா போன் பண்ணீங்க?" என்றாய். என் வாயில் "மூணரைக்கு" என்று வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், திட்டம் போட்டுச் சொன்ன பொய் இல்லை. அந்த ஒரு நேரம்தான் என் தலைக்குள் நின்றுகொண்டிருந்தது. ஆனால் அதைத் திருத்த எனக்கு எட்டு மாதம் இருந்தது. அன்று மாலையே, நீ அடக்கத்துக்கு ஏற்பாடு பண்ணப் போன நேரத்தில், கைப்பேசியில் அந்த அழைப்பு இருந்த வரியை அழித்தேன். அது வாயில் வந்தது இல்லை, கை செய்தது. எதை முதலில் அழிக்க வேண்டும் என்று இருபது வருடம் வாராவாரம் பார்த்துப் படித்தவன் இல்லையா நான்?

பிறகு நீ தொடங்கினாய். தொழிற்சாலையில் பழுது எந்த இடத்தில் புகுந்தது என்று கண்டுபிடிப்பது உன் வேலை. அதே மாதிரி அந்த ஞாயிற்றுக்கிழமையையும் கழற்றிப் போட்டாய். வெள்ளைத் தாளில் கோடு கிழித்து நேரம் நேரமாகக் குறித்தாய். மூன்றரைக்கு அப்பா அழைப்பு, நான்கு பத்துக்கு வண்டி, நடுவில் நாற்பது நிமிடம். நசீரின் பதிவேட்டில் மூன்று ஐம்பத்தைந்து என்று இருந்தது. பொய் என்றாய். சங்கத்தின் கைப்பேசி பழசு, அழைப்புப் பட்டியல் தங்கவில்லை. அதற்கும் அவன்தான் காரணம் என்றாய். பதிவேட்டின் நகலைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாய். துறைமுகக் கிடங்கில் முப்பது வருடம் கப்பல் வந்த நேரம், போன நேரம் என்று எழுதியவன் நான். நேர்மையான பதிவேடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மை மாறும், எழுத்து கோணும், எண்ணெய்க் கறை இருக்கும். பின்னால் உட்கார்ந்து எழுதியது ஒரே சீராக, அழகாக இருக்கும். அவன் பக்கம் அழுக்காக இருந்தது. பார்த்த உடனே எனக்குத் தெரிந்தது. நீ கேட்டாய், "பாருங்கப்பா, என்ன தோணுது?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எனக்கு என்னய்யா தெரியும்" என்றேன்.

போன மாதம் நசீர் வீட்டுக்கு வந்தான். உனக்குச் சொல்லவில்லை. வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். நாற்காலி காட்டியும் உட்காரவில்லை. "அங்கிள், நீங்க எத்தன மணிக்குக் கூப்பிட்டீங்கன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். என் பொண்ணு பள்ளிக்கூடத்துல புள்ளைங்க என்னென்னமோ கேக்குதாம். நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்" என்றான். கோபமே இல்லை அவனிடம். நான் என்ன செய்தேன் தெரியுமா? "கோப்பி குடிக்கிறியா தம்பி?" என்று கேட்டேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து நான் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், ஜெயிலுக்குப் பயந்து இல்லை, ஊருக்குப் பயந்தும் இல்லை. உனக்குப் பயந்து. அம்மா போன பிறகு எனக்கு மிஞ்சியது நீ சனிக்கிழமைகளில் வந்து உட்காரும் அந்த ஒரு மணி நேரம்தான். அதை இழக்க எனக்குத் தைரியம் இல்லை. அதை வைத்துக்கொள்ள இன்னொருவன் பிழைப்பைக் கொடுத்தேன், என் பிழைப்பாக இருந்தால்கூடப் பரவாயில்லை. இன்னொன்றும் எனக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆளை வெறுப்பதில்தான் நீ நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தாய். அம்மா அடக்கத்தில் நீ அழவில்லை. தாளில் கோடு கிழித்துக்கொண்டிருந்தாய். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு குற்றவாளி உண்டு, விடாமல் தேடினால் கிடைப்பான் என்று உனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தத் தொடர். அதை வாராவாரம் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டியவன் நான். விடாப்பிடி நல்ல குணம் என்று நானே மெச்சியிருக்கிறேன். விடாப்பிடி யார்மேல் விழுகிறது என்பதைப் பார்த்துத்தான் அது நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும் என்று இப்போது தெரிகிறது. தெரிந்து என்ன பயன்? எழுபத்தொரு வயதில் வந்த புத்தியை வைத்து நான் யாரை எழுப்பப்போகிறேன்?

மகனுக்கு எழுதும் கடிதத்தில் தகப்பன் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. இருந்தாலும் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். உனக்கு என்று ஒருத்தி வருவாள். அவள் கூப்பிட்டால் முதல் தடவையிலேயே எழுந்து போ. உப்பு எங்கே என்று கேட்கத்தான் கூப்பிட்டிருப்பாள், பரவாயில்லை, போ. அவசரமென்றால் மறுபடி கூப்பிடுவாள் என்று நினைக்காதே. நாம் கத்துவோம், அலறுவோம். நம்மோடு வாழ்ந்து பழகியவர்கள் கத்தமாட்டார்கள், நம்மைத் தொந்தரவு பண்ணக்கூடாது என்று அவர்களுக்கு நாமே சொல்லிக்கொடுத்திருக்கிறோம். இதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது.

இன்று காலை இரண்டு காரியம் செய்தேன். உண்மை நேரத்தையும், நான் அழித்ததையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, சங்க அலுவலகத்தில் கொடுத்தேன். சனிக்கிழமை விசாரணையில் நீ எழுந்து பேசுவதற்கு முன்னால் அது அவர்கள் கையில் இருக்க வேண்டும். அதே தாளின் நகலை எடுத்துக்கொண்டு பேருந்தில் டவுனுக்குப் போனேன். நசீர் இப்போது அவன் மச்சான் கடையில் தேத்தண்ணி ஆற்றுகிறான். கையைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே படித்தான். திட்டுவான் என்று நினைத்தேன், திட்ட வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன். தாளை மடித்தான். "உக்காருங்க அங்கிள்" என்றான். பிறகு எனக்கு எதிரில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

நாற்காலியை இறக்கும்போது, அம்மாவின் அடையாள அட்டையை எடுக்க நான் வீட்டுக்குள் ஓடினேன், அந்த ஒரு நிமிடத்தில் அவள் அவனிடம் பேசியிருக்கிறாள். அவனுக்கு முதல் நாளிலிருந்தே எல்லாம் தெரியும். நீ அவனைச் சங்க வாசலில் நிறுத்திக் கேள்விகேட்ட நாளிலும் தெரியும், என் வீட்டுக்கு வந்து நின்ற நாளிலும் தெரியும். "ஏன் தம்பி சொல்லல?" என்றேன். "யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டாங்க அங்கிள். அதுக்கப்பறம் மௌத்தாயிட்டாங்க. நான் எப்படிச் சொல்றது?" என்றான். அவள் சொன்னதை எனக்கு அப்படியே சொன்னான், நானும் உனக்கு அப்படியே எழுதுகிறேன். "ஒரு தடவ கூப்பிட்டேன் தம்பி. அப்பறம் கண்டுபிடிக்கிற நேரம், பேசக்கூடாதுன்னு இருந்துட்டேன். அவர எதுவும் கேட்டுறாதீங்க. அவருக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தா ஓடி வந்திருப்பாரு."

எனக்குக் கேட்டது, ஐயா.